பத்து லட்சத்து மூன்று

“எதாலயும் வகுபட மாட்டேங்குது, தாயே. எனக்கு முடியல.”

தணிகாசலம் சிலேட்டைத் தரையில் வைத்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விரலெல்லாம் சுண்ணக்கட்டித் தூள்.

உலகாயி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடச் சின்னவள். ஆனாலும் அந்தக் குன்று ஆசிரமத்தில் அவள்தான் குரு.

போன மழைக்காலத்தில் அவர் ஒரே கேள்வியோடு வந்தார். மகன் பரிதி காய்ச்சலில் போய்விட்டான். தான் செய்த தப்பு எது?

“இன்னும் ஒரு நாள் முன்னாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணுமா? வேற டாக்டரப் பாத்திருக்கணுமா? மழையில கடைக்கு அனுப்பினேனே, அதுவா?”

அன்றைக்கு அம்மை சிலேட்டில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தாள். பத்து லட்சத்து மூன்று.

“ஒண்ணால வகுக்க வேண்டாம், இதே எண்ணாலயும் வேண்டாம். நடுவுல எது இத மீதி இல்லாம வகுக்குதோ, அதக் கொண்டு வாங்க. உங்க தப்பச் சொல்றேன்.”

அன்றிலிருந்து வகுக்கிறார். சோறு ஆறிப்போகும், வகுப்பார். உள்ளங்கையால் அழிப்பார், அடுத்த எண்ணை எடுப்பார். பார்க்கிறவர்களுக்கே அலுத்துவிட்டது.

“ஒண்ணுமே வரலையா?” என்றாள் அம்மை.

“ஈவு வருது தாயே. இரக்கம்தான் வரல. எதால வகுத்தாலும் மீதி நிக்குது.”

“எதுவரைக்கும் பாத்தீங்க?”

“நாலாயிரம் தாண்டிட்டேன்.”

அம்மையின் கை கீரையிலேயே நின்றது.

“வாத்தியாரே, வகுப்புல பிள்ளைங்களுக்கு எதுவரைக்கும் பாக்கச் சொல்வீங்க?”

 

அவர் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். “ஆயிரத்த ஆயிரத்தால பெருக்கினா பத்து லட்சம். இது அதுக்கு மூணுதான் கூட. ஆயிரத்துக்கு மேல ஒரு எண் இத வகுத்தா, அதோட ஜோடி ஆயிரத்துக்குள்ள இருந்தே ஆகணும். உள்ள ஒண்ணும் சிக்கலன்னா, மேலயும் ஒண்ணும் கிடையாது. அப்ப இது பகா எண்.”

“ஆயிரம் வந்தப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

தணிகாசலம் சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண் அவர் வேட்டியில் பாதி ஒட்டிக்கொண்டது.

“நிறுத்திட்டா என் மேல தப்பே இல்லன்னு ஆயிடும்.”

“ஆகட்டுமே.”

“அப்புறம் அவன் சும்மாவே செத்துப்போனான்னு ஆயிடுமே, தாயே.”

அம்மை கீரையை ஓரமாக வைத்தாள். எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.