ஸ்டியரிங்கில் டக் டக்

பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் தன் பிக்கப்பை வளைத்துத் திருப்பும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் டக் டக்கென்று சத்தம். மூன்று மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்து, ஒரு சத்தமும் இல்லை என்றார்கள். செவிட்டுப் பயல்கள் என்று திட்டித் துரத்திவிட்டு, வண்டி கழுவும் அஞ்சலையிடம் வந்தார்.

"ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாம சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா நாளைக்கு உன் கொட்டகை இங்க இருக்காது!"

அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து அவரையே ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். இறங்கிப் போய் சோப்புத் தண்ணீரோடு வந்தாள்.

"கையை நீட்டுங்கய்யா. ஜோசியர் மாட்டிவிட்ட எட்டு மோதிரத்தையும் கழட்டிட்டு ஓட்டுங்க."

ஓட்டினார். சத்தத்தைக் காணோம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா," என்றார் தலைவர், குரலை இறக்கி.

"கொட்டகை இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேங்கய்யா."