கப்பலும் அவளும்

கேப்டன் லியோனார்ட் மோத்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய டீச்சர் எஸ்தருக்கு நாற்பத்தொன்று. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பழைய ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவர். சனிக்கிழமைதோறும் கேப்டன் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து அவரிடம் பாடம் கேட்டார்.

அவரை வரவைத்தது ஒரு கோபம். தான் ஓட்டிய 'மரியெல்லா' என்ற சரக்குக் கப்பலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கப்பலை எங்கும் 'அவள்' என்றே குறிப்பிட்டிருந்தார். பதிப்பகத்தார் எல்லாவற்றையும் அடித்து 'அது' ஆக்கிவிட்டார்கள்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் கப்பல் 'அவ'தானே டீச்சர்? ஆதாரம் காட்டுங்க. அவங்க மூஞ்சியில எறியணும்."

"அந்தக் கால ஆங்கிலத்துல எல்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, 'அது'வும் உண்டு," என்றார் டீச்சர். "சூரியன் பெண். நிலா ஆண். கல்லுகூட ஆண்தான்."

"கப்பல்?"

"அது."

கேப்டனின் முகம் வாடிவிட்டது.

"பின்னால 'அவ'ன்னு கூப்பிட்டது கடல்ல போனவங்க. அது இலக்கணம் கொடுத்தது இல்ல. பிரியம் வச்சவங்க கொடுத்தது."

"வேற எதெல்லாம் 'அது'?"

"இப்ப மனைவிக்கு 'ஒய்ஃப்'னு சொல்றோமே, அந்தச் சொல். அப்ப அதுக்குப் பொம்பளைன்னு அர்த்தம். இலக்கணப்படி அதுவும் 'அது'தான்."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆனா எழுதினவங்களால அதை ரொம்ப தூரம் கொண்டுபோக முடியல. சொல்லுக்கு 'அது' போடுவாங்க. ரெண்டு வரி தாண்டுறதுக்குள்ள 'அவ'ன்னு எழுதிருவாங்க."

"ஏன்?"

டீச்சர் கேப்டனின் கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கினார். புயல் வருகிற அத்தியாயத்தைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைத் தமிழ்ல சொல்லுங்க."

கேப்டன் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"மூணு நாள் அவ தாங்கினா. உடம்பெல்லாம் நடுங்குச்சு, ஆனா என்னைக் கைவிடல. துறைமுகத்துக்குள்ள வந்ததும் அவளைத் தட்டிக் கொடுத்தேன். அப்பதான் தந்தி வந்துச்சு. வீட்ல அதுக்குக் காய்ச்சல் முத்திப்போச்சுன்னு. சரக்கை இறக்காம எப்படிப் போறது? பத்து நாள் கழிச்சு ஊருக்குப் போனேன். அதை அடக்கம் பண்ணி எட்டு நாள் ஆகியிருந்துச்சு..."

நிறுத்தினார். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் புரட்டினார். 'அவள்' என்று இருந்த இடமெல்லாம் கப்பல். மனைவி வருகிற ஒன்றிரண்டு இடங்களில் 'மனைவி' என்று மட்டும்தான்; பெயர்கூட இல்லை.

"எங்க பக்கம் பொஞ்சாதியை 'அது'ன்னுதான் பேசுவோம் டீச்சர். எங்கப்பாவும் அப்படித்தான். தப்பா நினைச்சுச் சொல்றதில்ல."

"தெரியும்."

"பன்னெண்டு வருஷம் கடுதாசி போட்டா, பிலோமி. எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கும். கப்பல் எப்படி இருக்குன்னும் கேட்டு எழுதுவா."

டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கேப்டன் அதைத் தொடவில்லை.

"இப்ப மாத்தி எழுதினா அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் டீச்சர். "எழுதுங்க."