மைனாக்கள் மாலையில் கத்துவது எதற்கு

பறவைகள் பேசவும் செய்து வரியும் கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரையில் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. மரம் என்று சொன்னால் அங்கே குடியிருந்தவர்களுக்குக் கோபம் வரும். அது நகரம். கிளைக்கொரு தெரு, பொந்துக்கொரு கதவு எண். குடும்பத்துக்குத் தினம் ஒரு நார் வரி. அந்த நாரை வைத்து, மழைக்காலம் பிறப்பதற்குள் எல்லாப் பொந்து வாய்க்கும் மழை மறைக்க இறவாரம் கட்டித் தருவதாகப் பேச்சு.

நகராட்சித் தலைவர் கொக்கு. கழுத்தை நீட்டி, மடக்கி, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். குமாஸ்தா மரங்கொத்தி. தீர்மானம் நிறைவேறினால் டொக், டொக், டொக் என்று மரத்தில் கொத்திப் பதிவு செய்வார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்பது அந்தச் சபையின் வழக்கம்.

அடிக்கிளைப் பொந்தில் மஞ்சக்கண்ணி என்ற மைனா மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிவிடுவாள். கிளியைப் போலப் பேசிக் கிளியின் மாமியாரையே ஏமாற்றியவள். சபை கூடுவது உச்சிவெயிலில். ஊரெல்லாம் இரை தேடப் போயிருக்கும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். பொந்துக்குள் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவைத்து, மாலையில் புருஷன் கரிச்சிறகன் புழுவோடு திரும்பியதும் நடித்துக் காட்டுவாள்.

"ம்ஹ்ம். ஏரிக்கு வரும் வெளியூர்ப் பறவைகளை வரவேற்க, நாரால் ஒரு தோரணவாயில். ஆட்சேபணை உண்டா? இல்லை. நிறைவேறியது. டொக், டொக், டொக்."

கரிச்சிறகன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த புழு கீழே விழுந்துவிட்டது.

மழைக்காலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தூறல் வந்தது. பொந்து வாய் வழியாகச் சொட்டிய தண்ணீர் முட்டைகளை நனைத்தது. தூறலுக்கே இப்படியென்றால் மழைக்கு என்ன ஆவது? இறவாரம் எங்கே என்று விசாரிக்கப் போன கரிச்சிறகன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். நாரில் பாதிக்கு மேல் தோரணவாயிலுக்குப் போய்விட்டதாம். ஊரே சம்மதித்துச் செய்த காரியமாம். மரங்கொத்தி இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உன் வீட்டுக்காரி சபை நேரத்துல இங்கதானே இருந்தா? அவளும் ஒரு வார்த்தை சொல்லலையே."

மஞ்சக்கண்ணிக்கு அந்தக் குரலைத் திருப்பிச் சொல்லிக் காட்டத் தோன்றவில்லை. பெரியவர்கள் கூட்டத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள். அந்த மரியாதையைத்தான் சம்மதம் என்று மரத்தில் கொத்தி வைத்திருந்தார்கள்.

மறுநாள் உச்சிவெயிலில் கொக்கு கனைத்தார். மிச்சமிருக்கும் நாரில் தோரணவாயிலுக்கு இரண்டாவது அடுக்கு கட்டலாம் என்றார்.

"ஆட்சேபணை உண்டா?"

"உண்டு," என்றது கிளியின் குரல். "உண்டு உண்டு," என்று கரகரத்தது காக்கையின் குரல். தொண்டையை உருட்டி உருட்டிப் புறா ஒன்று தனக்கும் உண்டு என்றது.

கொக்குக்கு ஊன்றிய கால் வழுக்கியது. அண்ணாந்து பார்த்தால் கிளைகளில் ஒரு ஜீவன் இல்லை. குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு கொக்கும் மரங்கொத்தியும் அடிக்கிளைக்கு வந்தார்கள். கள்ளக்குரல் கொடுத்தவளை இன்றைக்கே நகரத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று மரங்கொத்தி குதித்தார்.

முட்டையை அலகில் கவ்விக்கொண்டா போக முடியும்? மஞ்சக்கண்ணி தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"குரல் கள்ளம்தான் தலைவரே, ஒத்துக்கறேன். அதுக்கெல்லாம் சொந்தக்காரங்க பொழுது சாஞ்சாத்தான் வீடு திரும்புவாங்க. அப்பக் கேட்டுப் பாருங்க. அவங்களும் பேசலைன்னா நான் போயிடறேன்."

கொக்கு திருடர் அல்ல. ஒரு துண்டு நார்கூடத் தன் கூட்டுக்குக் கொண்டுபோகாதவர். போன வருஷம் வெளியூர் நாரை ஒன்று, "இதுதான் உங்க நகரமா?" என்று கேட்டுவிட்டது. அந்த வார்த்தை அவர் மனசில் முள்ளாய்த் தைத்திருந்தது. அவர் பொந்துக்குள் குனிந்து ஈரமான முட்டைகளைப் பார்த்தார்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. ஆளில்லாத நேரத்துல கேட்டீங்க."

அவர் நீட்டிய கழுத்தை மடக்கிக்கொண்டார். பிறகு, சபை மாலைக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

பொழுது சாய்ந்ததும் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். நாள் முழுக்கத் திரிந்த களைப்பு. குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த இரை வேறு அலகை அடைத்துக்கொண்டிருந்தது. கொக்கு கேட்டார். வாயில் இரை இருக்க யார் பேசுவது? மரம் அமைதியாக இருந்தது. மஞ்சக்கண்ணி முட்டைகளின் மேல் இன்னும் இறுக்கமாகப் படுத்தாள். மரங்கொத்தி அலகை ஓங்கினார்.

அப்போது ஒரு புழு தரையில் விழுந்தது.

"உண்டு," என்றான் கரிச்சிறகன். "எங்க இறவாரம் எங்கே?"

பக்கத்துக் கிளையில் ஒரு வெட்டுக்கிளி விழுந்தது. அப்புறம் ஒரு நாவற்பழம். அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. மரமே வாயைத் திறந்தது போலிருந்தது. மரங்கொத்தி ஓங்கிய அலகைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டார்.

மறுநாளே தோரணவாயிலைப் பிரித்தார்கள். கடைசிப் பொந்துக்கு வரும்போது நார் போதவில்லை. கொக்கு தன் கூட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். மழை அடித்துப் பெய்தது. அடிக்கிளைப் பொந்தில் மூன்று குஞ்சுகளும் நனையாமல் பொரித்தன.

கொக்கு இப்போதெல்லாம் ஒன்றைக் கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்கிறார்களா என்று ஒற்றைக்காலில் வெகுநேரம் நிற்கிறார். மைனாக்களும், நாள் முழுக்க எங்கே திரிந்தாலும், பொழுது சாயும்போது ஒரே மரத்தில் கூடி, ஒன்றுவிடாமல் கத்தித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போவது அந்த மாலையிலிருந்துதான். சும்மா இருந்தால் யாராவது டொக், டொக், டொக் என்று கொத்திவிடுவார்களே.