மைனாவின் காதோரத்து மஞ்சள்

பறவைகள் மனிதர்களோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், கூந்தமலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே மலை மைனாதான் தரகு பார்த்தது. மேலேயிருந்து சாமையும் மிளகும் இறங்கும், கீழேயிருந்து உப்பு ஏறும். பாதி வழியில் ஒரு பாறை. இவர்கள் வைத்துவிட்டுப் போவதை அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. பேரமெல்லாம் மைனா மூலம்தான்.

முகம் பார்த்துவிட்டால் தரகு போய்விடுமே! அதனால் மைனா கீழே போய், "மலைக்காரர்கள் மந்தம். ஏறிப் போனால் மந்திரம் போட்டு ஆடாக்கிவிடுவார்கள்" என்றது. மேலே வந்து, "கீழ்நாட்டார் எல்லாம் திருடர்கள். இறங்கினால் கட்டிப் போட்டுவிடுவார்கள்" என்றது. இரண்டு பக்கமும் நம்பின. மைனாவுக்கு மேலே அத்திப்பழம், கீழே பொரி.

ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. மலையில் சடைச்சி என்பவளிடம் தானியம் என்று விதைக்கு எடுத்து வைத்த சாமை மட்டும் மிஞ்சியது. அதுவும் போனால் விதைப்பு கிடையாது, பிள்ளைகளுக்குச் சோறும் கிடையாது. உப்பு வியாபாரி மாரண்ணன் மைனாவிடம், "இருக்கிற சாமை மொத்தத்தையும் கொடுத்தால் ஒரு பொதி உப்பு" என்று சொல்லி அனுப்பினான்.

சடைச்சி, "ஆகட்டும்" என்றாள்.

மலையில் அதற்கு 'காதில் விழுந்தது, யோசிக்கிறேன்' என்று அர்த்தம். கீழே அதுவே சம்மதம். மைனாவுக்கு இரண்டு அர்த்தமும் நன்றாகத் தெரியும். ஆனால் பேரம் முடிந்தால்தானே பொரி? "சம்மதித்துவிட்டாள்" என்று கீழே போய்ச் சொல்லிவிட்டது.

பாறைக்குச் சாமை வந்தபாடில்லை. மாரண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆடானாலும் பரவாயில்லை என்று கழுதையில் உப்புப் பொதியை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்துவிட்டான். சடைச்சி வாசலில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மணி, சம்மதம்னு சொல்லி அனுப்பிச்சுப்போட்டு ஏமாத்தறியா?"

"சம்மதமா? நா ஆகட்டும்னுதானே சொன்னேன்!"

"அதத்தான் சொல்றேன்!"

"அட, கேட்டுக்கிட்டேன்னு சொன்னேண்ணா. அது வெதச் சாமை. பதிலுக்கு மொளகு தரலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"மொளகுன்னா எனக்கு இன்னும் நல்லதாச்சே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் கையில் கயிறு இல்லை, அவள் வாயில் மந்திரமும் இல்லை. பிறகு இருவரும் கூரைமேல் உட்கார்ந்திருந்த மைனாவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கோபப்படாதீர்கள், நான் விளக்கிச் சொல்கிறேன்..." என்று மைனா இறங்கி வந்தது.

"நீ வெளக்குனது போதும்!" என்று சடைச்சி அரைத்த கையோடு அதைப் பிடித்து, இரண்டு காதையும் நன்றாகத் திருகினாள். "இனிமே உன் சரக்க ஒரு சொல்லுகூடக் கலக்கக் கூடாது. கேட்டதக் கேட்டபடி சொல்லு!"

மாரண்ணன் உப்பை இறக்கி வைத்துவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டான். விதைச் சாமை பானையிலேயே இருந்தது, அடுத்த மழைக்கு முளைத்தது.

அன்று தொட்டுத்தான் மலை மைனாவுக்குக் காதோரம் மஞ்சள் சதை தொங்குகிறது. சொந்தமாக ஒன்றும் பேசாமல், நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. அதற்கு முன்னால் அது கட்டிவிட்ட கதைகளைத்தான், மலையேறிப் பார்க்காதவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் காதெல்லாம் எந்தக் கையும் திருகாமல் சுகமாக இருக்கின்றன.