பல்லக்குக்கு வந்த குளிர்காய்ச்சல்

அரண்மனைச் சபையில் ஊர் ஜனங்கள் இலவச வைத்தியசாலை கேட்டார்கள்.

"சும்மா மருந்து கொடுத்தால் தும்மினவனெல்லாம் வந்து நிற்பான்," என்றார் மந்திரி.

"எவனோ காய்ச்சலில் படுத்தால் எனக்கென்ன? எனக்கு என்ன பாதிப்பென்று காட்டுங்கள், திறக்கிறேன்," என்றார் ராஜா.

"காட்டுறேனுங்க. பல்லக்குல ஏறுங்க, மகாராஜா," என்றான் பல்லக்குத் தூக்கி மாடக்கண்ணு.

வாசலைத் தாண்டுவதற்குள் பல்லக்கு வெடவெடவென்று ஆடியது. "என்னடா இது!" என்று ராஜா அலறினார்.

"பின்னால தூக்குற சுடலைக்குக் குளிர்காய்ச்சலுங்க. காய்ச்சல் அவனுக்குத்தான். நடுக்கம் உங்களுக்கும் வந்துருச்சே!"

ராஜா அவசரமாக இறங்கினார். "வைத்தியசாலை திறந்தாச்சு! ஆனால் அந்தத் தும்முகிறவர்கள்?"

"வர்றவங்களுக்கெல்லாம் நிலவேம்புக் கஷாயம் ஊத்துங்க. நோயில்லாதவன் மறுபடி வரமாட்டான்."

முதல் குவளை சுடலைக்குப் போனது. அடுத்த குவளை நிறைவதற்குள், பக்கத்தில் நின்ற மந்திரி, வந்த தும்மலை அப்படியே விழுங்கிவிட்டார்.