மூன்றாம் ஆண்டு வராத தேசம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், சீன தேசத்தை ஷுவோ வம்சம் ஆண்டபோது நடந்தது இது. பேரரசருக்கு ஐம்பது வயது. கெட்ட சேதி மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. வெள்ளம் வந்து பல ஊர்கள் அழிந்ததும், மந்திரம் தெரிந்த கவ் என்ற மந்திரி, தேன் தடவின குரலில் சொன்னான்:

“பிரபு, ஆண்டின் பெயரை மாற்றி, ‘இது முதலாம் ஆண்டு’ என்று முரசறையச் சொல்லுங்கள். நடந்ததெல்லாம் உங்களுக்கு மறந்துபோகும். பத்து வயதும் குறையும்.”

முரசு முழங்கியது. பேரரசருக்கு நாற்பது வயதானது.

எல்லைக் காவலுக்குப் போனவர்கள் மூன்றாம் ஆண்டில் வீடு திரும்பலாம் என்பது சட்டம். முதல் முரசு முழங்கிய அந்த வருஷம்தான் லிங்யூ என்ற சிறுமியின் அப்பா தாவ் எல்லைக்குப் போனார். அவளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு வருஷம் முடியும், ஏதாவது கெட்டது நடக்கும், உடனே முரசு முழங்கும். மூன்றாம் ஆண்டு மட்டும் வரவே இல்லை.

லிங்யூ அரண்மனை வாசலுக்குப் போனாள். “அப்பா எப்போ வருவார்?”

காவல்காரன் மூக்கால் பேசினான். “இது பொன்மேக முதலாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு வரட்டும், போ.”

வளர்ந்து மறுபடி போனாள்.

“இது வெண்நாரை முதலாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு வரட்டும், போ.”

“பழைய ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுங்களேன், ஐயா.”

“எண்ணினால் நாக்கை அறுப்பார்கள். உனக்கு ஒரு நாக்குதானே இருக்கு?”

ஐந்தாவது முரசும் முழங்கியபின் மூன்றாம் தடவை போனாள். உள்ளே வீல் வீல் என்று அழுகை.

“இது பேரின்ப முதலாம் ஆண்டு,” என்று காவல்காரன் காதைப் பொத்திக்கொண்டான். “பேரரசர் தூங்கமாட்டேங்கிறார். தாலாட்டத் தெரியுமா?”

தொட்டிலில் பேரரசர் விரல் சூப்பிக்கொண்டு கிடந்தார். ராஜமுத்திரை கவ்வின் இடுப்பில் இருந்தது. “பாடு,” என்றான் அவன். தாலாட்டை யார் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்? லிங்யூ பாடினாள்:

“முதல் வருஷம் ஆறு வந்து ஊரைத் தின்னது, ஆராரோ.
மூணாம் வருஷம் பஞ்சம் வந்து ஆளைத் தின்னது, ஆராரோ.”

ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் பாடினாள். ஒவ்வொன்றுக்கும் பேரரசருக்குப் பத்து வயது ஏறியது. தொட்டில் முறிந்தது. தரையில், பிள்ளைத் தொப்பியோடு, ஐம்பது வயது ஆள் உட்கார்ந்திருந்தார். மந்திரம் முறிந்ததும் கவ் காக்கையாகி, ராஜமுத்திரையைக் கீழே போட்டுவிட்டுக் கரைந்துகொண்டே பறந்துபோனான்.

“எத்தனை பேர் செத்தார்கள்?” என்று கேட்டார் பேரரசர்.

“எண்ணக்கூடாது என்று சட்டமாச்சே, பிரபு,” என்றாள் லிங்யூ.

எல்லைக்குப் போன எல்லோரும் திரும்பலாம் என்று பேரரசர் எழுதி முத்திரையிட்டார். ஷுவோ வம்சத்தின் கடைசி ஆணை அதுதான். அதற்குள், பஞ்சத்தில் வெகுண்டெழுந்த கலகக்காரர்கள் கோட்டைக்குள் வந்துவிட்டார்கள். அவர்களைத் தடுக்க ஆளும் இல்லை, தடுக்கச் சொல்ல அவருக்கு முகமும் இல்லை.

லிங்யூவின் ஊரிலிருந்து போனவர்கள் நாற்பது பேர். திரும்பியவர் ஒருவர். நரைத்த தலையோடு வேலியருகே நின்று, தன் இடுப்பளவுக்குக் கையைக் காட்டினார்.

“அம்மா, இந்த வீட்டில் இத்தனை உயரத்தில் ஒரு பொண்ணு இருக்குமே?”

லிங்யூ அவர் தோளிலிருந்த மூட்டையை இறக்கி வாங்கினாள்.

“உள்ளே வாங்க அப்பா. அவ உங்களுக்காகக் காத்திருந்தே வளந்துட்டா.”