பவளம் அடைத்த ஐம்பது ரவைகள்

சுத்தியலை ஓங்கிய கை மேலேயே நின்றுவிட்டது.

"அடியுங்கோ அண்ணை," என்றாள் வதனி.

குலசிங்கம் அடிக்கவில்லை. அந்தச் சுத்தியலின் தலை உள்ளே வெறுமையானது. அதற்குள் ஒரு துப்பாக்கி ரவை இருந்தது. கட்டையில் ஓங்கித் தட்டினால் நுனியிலிருக்கும் ஈயக் குண்டு கழன்று விழும். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் ரவை அதன்பிறகு ரவையாக இருக்காது.

கையை இறக்கினார்.

"ஏலாது ரீச்சர்."

அவருக்கு அறுபத்திமூன்று வயது. அவளுக்கு முப்பத்தெட்டு. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் வடக்கே போனால் வரும் அந்தச் சுடுகளத்தில் கைத்துப்பாக்கி பழக்குகிறவள் அவள். ஏழு வருடத்துக்கு முன்னர் முதல் நாளன்று அவர் அவளை ரீச்சர் என்று கூப்பிட்டது சிரிப்புக்கு, பகிடிக்கு. அடுத்த கிழமையே பகிடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

மேசையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி திறந்து கிடந்தது. வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசைக் குழிகள். முதல் குழி மட்டும் காலி.

"ரெண்டு வருசமா இதைப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்து போயிருக்கிறியள். ஒரு வெடியும் வைக்கேல்லை. எனக்கொரு சொல்லும் சொல்லேல்லை."

"சொன்னால் விடமாட்டியள்."

"விடமாட்டன்தான். சந்தேகமான ரவை இந்தக் கேற்றுக்குள்ள வரக்கூடாது. ஒண்டில் உடையுங்கோ, இல்லாட்டித் திருப்பிக் கொண்டு போங்கோ."

மருந்து போடாமல் மூடிய ரவையில் அடியில் தீப்பொறி கொடுக்கிற கேப்பு மட்டும்தான் வெடிக்கும். குண்டு பாதிக் குழலில் போய் இறுகிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும், கை போகும். இது வதனி எவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"நிறுத்துப் பாக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

வதனி தராசை எடுத்து வைத்தாள். தன் வாளியிலிருந்து வெறும் பித்தளைக் கோதுகள் இரண்டை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். இரண்டும் இரண்டு எடை. பிறகு, ஒரு ரவைக்குள் போகிற மருந்தை அளந்து தட்டில் கொட்டினாள். ஒரு சிட்டிகை உப்பளவு. கோதுக்கும் கோதுக்கும் இருந்த வித்தியாசம் அதைவிடக் கூட.

குலசிங்கம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவளம் அக்கா இப்பிடி விடுற ஆள் இல்லையே. எப்பிடிச் சந்தேகம் வந்தது?"

பவளம் அவருடைய மனைவி. அவர் சுடப் பழகப் போகிறேன் என்ற அன்று அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. "துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த மனிசன், இஞ்ச வந்து ஆசைக்குச் சுடப் போறாராம்!" ஆனால் அவர் தன் தடித்த விரல்களால், சுட்ட கோதுகளில் திரும்ப மருந்தும் குண்டும் வைத்து ரவை அடைக்கிறதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "எழும்புங்கோ அங்கால," என்று கதிரையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடம் தையல் தொழிற்சாலையில் இருந்த கை. அதன்பிறகு அவர் சுட்டதெல்லாம் அவள் அடைத்ததுதான்.

"ஐம்பது கோதுக்கும் மருந்து போட்டு, டோச் வெளிச்சம் அடிச்சுப் பாத்துப்போட்டுத்தான் மூடச் சொல்லி நீங்கள் சொல்லித் தந்தனியள். நானும் அவளுக்குச் சொன்னனான். கேட்டால்தானே? ஒரு சட்டையை முடிக்காமல் மற்றச் சட்டையைத் தொடமாட்டன் எண்டுவாள். ஒண்டுக்கு மருந்து, உடனே குண்டு, உடனே மூடி. பிறகுதான் அடுத்தது."

"சரி."

"அண்டைக்கு வேலையால வரேக்குள்ள வீட்டுக்குப் போன் அடிச்சன். பேஸ்மென்ற்றில இருந்தவள், படியேறிக் குசினிக்கு வந்து எடுத்தவள்."

"என்ன அவசரம்?"

"கடையில பாண் வாங்கிக்கொண்டு வரவோ எண்டு கேட்டன்."

வதனி தராசை மூடினாள்.

"இரவு சாப்பிடேக்க சொன்னாள், நீங்கள் கூப்பிட்டதில எனக்கு எண்ணிக்கை குழம்பிப் போச்சு, ஒண்டை வெறுமனே மூடிட்டன் போல, திங்கக்கிழமை பாப்பம் எண்டு." அவர் பெட்டியின் விளிம்பைத் தடவினார். "ஞாயிறு விடிய அவள் எழும்பேல்லை."

வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம். களத்தில் வேறு யாரும் இல்லை.

"அவ அடைச்ச ஒழுங்கிலயோ பெட்டியில அடுக்கியிருக்கு?"

"ஓம். இடமிருந்து வலம். முதல்ல செய்தது மேல் வரிசையில."

வதனி சுத்தியலின் தலையைத் திருகித் திறந்து, உள்ளே இருந்த ரவையை எடுத்து முதல் குழியில் வைத்தாள். சுவரில் இருந்த காதடைப்புகள் இரண்டை எடுத்தாள்.

"பின்னேரம் முழுக்க ஆகும். பரவாயில்லையோ?"

"என்ன செய்யப் போறம்?"

"ஒண்டு போட்டு ஒண்டு சுடுங்கோ. ஒவ்வொண்டுக்கும் பிறகு துவக்கைத் திறந்து என்னட்டத் தாங்கோ. குழல் வெறுமை எண்டு நான் சொன்னாப் பிறகுதான் அடுத்தது."

குலசிங்கம் ரிவால்வரில் முதல் ரவையைப் போட்டார். இரண்டு வருடம் சும்மா இருந்த கை பிடியைத் தேடிப் பிடித்தது. சுட்டார். வெடித்தது. ரவை வைக்கிற சுழலியைத் திறந்து நீட்டினார். வதனி கோதை எடுத்து அதன் குழியிலேயே திரும்ப வைத்தாள். பிறகு குழலின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் பிடித்து, முன்பக்கத்தால் பார்த்தாள்.

"வெளிச்சம் தெரியுது. அடுத்தது."

இரண்டு. மூன்று. நான்காவது, இலக்குத் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"அக்கா அடைச்சது நேராத்தான் போகுது. நீங்கள்தான் எங்கயோ போறியள்."

அவர் சிரித்தார். பத்து முடிந்தபோது கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் விரலை இழுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் வெடித்தது. ஒவ்வொரு முறையும் வதனி கடதாசியைப் பிடித்தாள்.

"வெளிச்சம்."

இருபத்தாறாவதில் அவர் காதடைப்பைக் கழற்றினார்.

"இன்னும் வரேல்லை."

"வராட்டி நல்லதெல்லோ?"

"ஓம். நல்லது." ரிவால்வரைத் திறந்தபடி கீழே வைத்தார். "பிழை விளங்காதேங்கோ ரீச்சர். காலமை வரேக்க அது வரக்கூடாது எண்டுதான் கும்பிட்டன். இப்ப எனக்கு அது வேணும்."

"வெறும் ரவையோ?"

"எனக்காக அவள் எழும்பி வந்த இடம் அதொண்டுதானே. மற்றதெல்லாம் அவள் வேலையில இருந்தது. அதில மட்டும்தான் நான் இருக்கிறன்."

வதனி துணியால் குழலைத் துடைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் காதடைப்பைத் திரும்ப மாட்டினார்.

முப்பது. முப்பத்தைந்து. அவர் இப்போது மெதுவாகச் சுட்டார். விரல் இழுபடும்போது காது முந்திக்கொண்டு அந்த மெல்லிய சத்தத்துக்கு, ஒரு மூடியைத் தட்டினதுபோன்ற சத்தத்துக்குக் காத்திருந்தது. ஒவ்வொரு வெடியும் அவரை ஏமாற்றியது. குண்டுகளோ நடுவட்டத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

நாற்பத்தொன்பது.

"வெளிச்சம்."

கடைசி ரவையை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"இது கிடக்கட்டும் ரீச்சர்."

"கிடக்கட்டும்."

"இதாத்தான் இருக்கும். மற்றது ஒண்டும் இல்லையெல்லோ."

"இருக்கலாம்."

"வீட்டில வைச்சால், இதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்."

"இருக்கலாம். வீட்டில. இஞ்ச கொண்டு வரக்கூடாது."

"உங்கட சட்டத்திலயே நில்லுங்கோ," என்றார் குலசிங்கம். ரவையைச் சட்டைப்பைக்குள் போட்டார். பெட்டியை மூடினார். மூடியில் கை வைத்தபடி நின்றார். வதனி அவசரப்படுத்தவில்லை. கடதாசித் துண்டு அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.

"பாப்பம் எண்டு சொன்னவள்," என்றார், அவளுக்கல்ல.

சட்டைப்பைக்குள் கை விட்டார். ரவையைப் போட்டார். சுழலியை மூடினார். நிமிர்ந்து, கையை நீட்டி, வெகு நேரம் பிடித்திருந்தார். கூரையின் ஒழுக்கு விழுந்தது. பிறகு இன்னொன்று விழுந்தது.

வெடித்தது. மரங்களுக்குள் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு வெடித்தது.

அவர் திறந்து நீட்டினார். வதனி கடதாசியைப் பிடித்துப் பார்த்தாள். இந்த முறை அவரையும் கூப்பிட்டாள்.

"நீங்களும் பாருங்கோ."

குலசிங்கம் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முறுக்கிக்கொண்டு போன வரிகளின் கடைசியில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். நடுவில் ஒன்றும் இல்லை.

"ஒண்டையும் விடேல்லை," என்றார்.

"இல்லை."

"அப்ப எந்த ரவையை அடைக்கேக்க நான் கூப்பிட்டனான்?"

வதனி பெட்டியைத் திறந்து கடைசிக் கோதையும் வைத்தாள். ஐம்பது கோதுகளும் புகை பிடித்த வாயோடு ஒரே மாதிரி நின்றன. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாள்.

"தெரியேல்லை அண்ணை. பாணைப் பற்றிக் கதைச்சுப்போட்டு, திரும்பப் படியிறங்கி வந்து, விட்ட இடத்திலயே துடங்கியிருக்கிறா."

குலசிங்கம் பெட்டியை மூடினார்.

அவள் மேசையில் குனிந்து களத்தின் பதிவுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். அவர் தாள் அடுக்கிலிருந்து ஒரு புதிய இலக்குத் தாளை உருவினார். ஈரப் புல்லில் இருபத்தைந்து மீற்றர் நடந்து போய், பவளத்தின் ரவைகள் துளைத்த பழைய தாளைக் கழற்றாமல், அதற்கு மேலேயே வைத்து ஊசி குத்தினார். ஒரு மூலை காற்றுக்கு எழும்பிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.